என் கணவர் செய்தது குற்றம் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 39. திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மகள், ஒரு மகன். கணவர் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அவருக்கு இரண்டு ஆண்டுகளாக உறவு இருப்பது சென்ற ஐப்பசியில்தான் எனக்குத் தெரியவந்தது. அந்தப் பெண்ணின் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். கேட்டதற்கு முதலில் மறுத்தவர், பிறகு "ஆமாம், உன்னால் என்ன செய்ய முடியும்?" என்றார். நான்கு மாதமாக வீட்டுச் செலவுக்குப் பணம் தருவதில்லை. மாமியார், "பிடிக்காவிட்டால் உன் அம்மா வீட்டுக்குப் போ" என்கிறார். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். "இது இப்போது குற்றமே இல்லை, 2018-லேயே கோர்ட் எடுத்துவிட்டது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராணுவத்தில் இருக்கும் என் தம்பி, "எங்களுக்கு மட்டும் இதற்குத் தண்டனை உண்டு, ஊரில் இருப்பவனுக்கு இல்லையா?" என்று கொதிக்கிறான். கடையில் ஒரு கிலோ அரிசியைத் திருடினால் சிறை. ஒரு குடும்பத்தைத் திருடினால் ஒன்றும் இல்லையா? இதை மறுபடியும் குற்றமாக்க வேண்டாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த அரிசி வரியைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகக் குடும்பநல வழக்குகளை நடத்திவருகிறேன். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்ட பெண்கள் பலர், ஆண்களும் உண்டு. ஒருவர்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

உங்களுக்கு நடந்தது அநீதி. அதைச் சரி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனாலும் இதை மறுபடி சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இப்போது இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். இருந்தாலும் காரணத்தைக் கேளுங்கள். நீங்கள் பறிபோனதாக நினைக்கும் அந்தச் சட்டம், ஒரு நாளும் உங்கள் கையில் இருந்ததில்லை.

2018-க்கு முன்பு அதே காவல் நிலையத்துக்கு அதே புகாரோடு நீங்கள் போயிருந்தாலும் உங்களைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள். பிறர் மனைவியோடு உறவு கொண்ட ஆணைத் தண்டிக்க இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாக எப்போதுமே இருந்ததில்லை. அதற்கான புகாரை நீதித்துறை நடுவரிடம்தான் கொடுக்க வேண்டும். யார் கொடுக்கலாம் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 198(2)-ஆம் பிரிவு சொன்னது: உறவில் ஈடுபட்ட பெண்ணின் கணவன். அவன் இல்லாத நேரத்தில் அவன் சார்பாக அவளைப் பராமரித்து வந்தவரும் நீதிமன்ற அனுமதியோடு கொடுக்கலாம். உறவில் ஈடுபட்ட ஆணின் மனைவி? அந்தப் பட்டியலில் அவள் இல்லை. சட்டத்தின் பார்வையில் நீங்கள் பாதிக்கப்பட்டவரே அல்லர்.

உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். பழைய சட்டப்படி உங்கள் கணவரைக் கூண்டில் ஏற்றியிருக்கக்கூடிய ஒரே மனிதர் மஸ்கட்டில் இருக்கும் அந்தப் பெண்ணின் கணவர். அவர் வாய் திறக்காவிட்டால் வழக்கே இல்லை. அவர் சம்மதித்திருந்தாலும், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருந்தாலும் குற்றமே இல்லை. "அந்தக் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல்" என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்தப் பெண் விதவையாகவோ திருமணமாகாதவராகவோ இருந்திருந்தால், உங்கள் கணவர் பத்து ஆண்டு அவரோடு வாழ்ந்திருந்தாலும் 497 அவரைத் தொட்டிருக்காது. உங்கள் பதினைந்து ஆண்டு இல்லறம் இந்தக் கணக்கில் எங்கேயாவது வருகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் அரிசித் திருட்டோடு ஒப்பிட்டீர்கள் அல்லவா? அந்தச் சட்டமும் இதைத் திருட்டாகத்தான் பார்த்தது. ஒருவனுடைய உடைமையை அவன் அனுமதி இல்லாமல் இன்னொருவன் எடுத்துக்கொண்டான் என்பதுதான் அதன் அடிப்படை. உடைமை என்று அது கருதியது மனைவியை. உடைமைக்குச் சொந்தக்காரன் அனுமதித்தால் திருட்டு ஆகாதல்லவா, அதனால்தான் அந்தச் "சம்மதம்" என்ற சொல் அங்கே வந்தது.

இது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1837-இல் மெக்காலே தலைமையில் தயாரான தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவில் இந்தக் குற்றமே கிடையாது. மானமுள்ள கணவன் இதற்காக நீதிமன்றம் வரமாட்டான், வருகிறவன் இதைப் பொருள் இழப்பாகக் கருதிப் பணம்தான் எதிர்பார்க்கிறான் என்பது அந்தக் குழுவின் கருத்து. இன்னொன்றும் சொன்னார்கள். இந்த நாட்டில் பெண்ணைக் குழந்தையாக இருக்கும்போதே கட்டிக்கொடுக்கிறார்கள், இளமையிலேயே அவள் புறக்கணிக்கப்படுகிறாள், கணவன் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. இந்த நிலையில் மனைவியின் தடுமாற்றத்துக்கு மட்டும் தண்டனை விதிக்கும் சட்டத்தை எழுத மனம் ஒப்பவில்லை என்றார்கள். பின்னால் வந்த இரண்டாம் சட்ட ஆணையம் அதே காரணத்தைச் சொல்லி மனைவிக்குத் தண்டனை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, மற்ற ஆணுக்கு மட்டும் ஐந்து ஆண்டு வரை சிறை என்று குற்றத்தைச் சேர்த்தது. 1860-இல் அது சட்டமாயிற்று. பெண்ணுக்குச் சலுகை என்று அதைப் பலர் பேசினார்கள். தன்னைப் பற்றிய வழக்கில் தானே இல்லாமல் போவது என்ன சலுகை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு 497 வழக்கைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு தறிப்பட்டறைக்காரர், தன் மனைவியோடு பழகியதாக ஒரு மில் எழுத்தர்மீது தனிப்புகார் கொடுத்திருந்தார். மனைவியை அவர் அதற்கு முன்பே அடித்து வெளியே அனுப்பியிருந்தார். அவள் குற்றம் சாட்டப்பட்டவள் இல்லை. அதனால் அவளுக்கு வக்கீல் இல்லை. புகார்தாரரும் இல்லை, அதனால் அவள் சொல்ல வந்ததைக் கேட்க ஆளில்லை. எதிர்த்தரப்பு அவளைச் சாட்சியாக அழைத்தது. எந்த விடுதி, எந்தத் தேதி, என்ன புடவை என்று அரை நாள் கேட்டார்கள். நீதிமன்ற வராந்தா முழுக்க ஆட்கள். அவளுடைய பத்து வயது மகன் வெளியே ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான்தான் அவனுக்குப் பன் வாங்கிக் கொடுத்தேன். நான்காவது வாய்தாவில் வழக்கு சமரசமானது. இந்தக் குற்றத்தைக் கணவன் ராஜி செய்துகொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. எழுத்தர் ஒரு தொகையைக் கொடுத்தார், கணவர் வாங்கிக்கொண்டார், இருவரும் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெக்காலே எழுதியதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது அந்தப் பெஞ்சில் இருந்த பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் எடுத்த எடுப்பிலேயே தூக்கி எறிந்துவிடவில்லை. 1954-இல் யூசுப் அப்துல் அஜீஸ் வழக்கில், பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசியல் சாசனம் அனுமதிக்கிறது என்று சொல்லிக் காப்பாற்றியது. 1985-இல் சௌமித்ரி விஷ்ணு வழக்கில், மயக்கிக் கெடுப்பவன் ஆண்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து என்று சொல்லி மறுபடி காப்பாற்றியது. 1988-இல் ரேவதி வழக்கு வந்தது. அது உங்கள் கேள்விதான். துரோகம் செய்த கணவன்மீது வழக்குத் தொடுக்க மனைவிக்கு ஏன் உரிமை இல்லை என்று அந்தப் பெண் கேட்டார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றவியல் சட்டத்தால் தாக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இருவருக்குமே அந்த உரிமை தரப்படவில்லை என்று நீதிமன்றம் பதில் சொன்னது. அன்று அந்தப் பதில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களைத் தவிர வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது.

2018 செப்டம்பர் 27 அன்று, இத்தாலியில் வாழும் கேரளத்துக்காரர் ஜோசப் ஷைன் தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக 497-ஐ நீக்கினார்கள். அமர்வில் இந்து மல்ஹோத்ரா ஒருவரே பெண். 1985 தீர்ப்பை எழுதியவர் அன்றைய தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், அதைத் தவறென்று சொன்ன ஐவரில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். கணவன் மனைவியின் எஜமானன் அல்லன் என்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா எழுதினார். குற்றமாக இல்லாவிட்டாலும் மணமுறிவுக்கு இது காரணமாகவே இருக்கும் என்பதையும், இதனால் வாழ்க்கைத்துணை தற்கொலை செய்துகொள்ளும் நிலை வந்து அதற்கான சாட்சியம் இருந்தால் தற்கொலைக்குத் தூண்டிய குற்றமாகலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். இந்தப் பகுதி காவல் நிலையம் வரை போய்ச் சேரவில்லை.

அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடமும் உண்டு. துரோகம் என்பது மகிழ்ச்சியற்ற மணவாழ்வின் காரணமாக இல்லாமல் அதன் விளைவாகவும் இருக்கலாம் என்று தலைமை நீதிபதி எழுதினார். சில வீடுகளில் அது உண்மை. ஆனால் அந்த வாக்கியம் கீழே இறங்கி வரும்போது, "நீ சரியாக இருந்திருந்தால் அவன் ஏன் போகிறான்?" என்று மாமியார் வாயில் வந்து நிற்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். மனக்குறை இருந்தால் பேசலாம், பிரியலாம். இரண்டு ஆண்டு பொய் சொல்வது அவர் தேர்ந்தெடுத்தது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

சரி, பழைய சட்டம் கெட்டது. இருபாலருக்கும் பொதுவாக, மனைவியும் புகார் கொடுக்கும்படி ஒரு புதிய சட்டம் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. 1971-இல் சட்ட ஆணையம் தன் 42-ஆம் அறிக்கையில் பெண்ணையும் தண்டிக்கலாம் என்றது. அந்த ஆணையத்தில் இருந்த நீதிபதி அன்னா சாண்டி, பிரிவையே எடுத்துவிட வேண்டும் என்று தனிக் கருத்து எழுதினார். 2003-இல் குற்றவியல் நீதிமுறையைச் சீர்திருத்த அரசு அமைத்த மாலிமத் குழு பொதுவான குற்றமாக்கச் சொன்னது. 2023 நவம்பரில் உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, திருமணம் புனிதமானது என்ற காரணத்தோடு அதையே பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தக் குற்றம் இல்லை. ஆனால் பிறர் மனைவியைத் தகாத உறவுக்காக ஆசைகாட்டி அழைத்துச் செல்வது இன்னும் 84-ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. பழைய வாடை முழுதாகப் போகவில்லை.

பொதுச் சட்டம் என்பது காதுக்கு நியாயமாக ஒலிக்கிறது. அது நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்குத் தைவானைப் பாருங்கள். அங்கே ஆண், பெண் இருவருக்கும் ஒரே சட்டம், ஓராண்டு வரை சிறை. துணைமீது கொடுத்த புகாரை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டு, மூன்றாம் ஆள்மீது வழக்கை நடத்தலாம் என்று ஒரு வழியும் வைத்திருந்தார்கள். கணவனை நம்பி வாழும் மனைவி என்ன செய்வாள்? பிள்ளைகளுக்காக அவனை மன்னித்தாள். அந்தப் பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றினாள். எழுத்தில் சமமாக இருந்த சட்டம் பெண்களையே அதிகம் தண்டித்தது. 2020 மே மாதம் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை நீக்கியது. தென்கொரியாவில் 1953 முதல் இரண்டு ஆண்டு வரை சிறை இருந்தது. அங்கே மணமுறிவுக்கு மனுப் போட்டால்தான் இந்தப் புகாரைக் கொடுக்க முடியும். அதனால் அது பணம் பேசும் ஆயுதமாயிற்று. ஐந்தாவது முறை வழக்கு வந்தபோது, 2015-இல், அங்கும் எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தைவானைப் பார்க்காமலே தெரியும். அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போகும் பெண்மீது முதல் நாளே இந்தப் புகார் வரும். கூட வேலை செய்பவரோடு டீ குடித்ததும், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்ததும் ஆதாரமாகும். அவள் ஜீவனாம்சம் கேட்டால், "மனுவை வாபஸ் வாங்கு, நானும் வாங்கிக்கொள்கிறேன்" என்பார்கள். சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்கு அவசரமாக வேறு கல்யாணம் செய்துவைத்துவிட்டு, அவள் ஓடிப்போனால் இந்தச் சட்டத்தால் இழுத்து வருவார்கள். சிறைக்குப் பயந்து திரும்பி வருகிற கணவரோடு நீங்கள் எப்படி ஒரே வீட்டில் இருப்பீர்கள்? அவர் உள்ளே போய்விட்டாலோ, வேலை போகும். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் போய் நிற்பது? உங்கள் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கோபத்துக்குச் சிறை ஒரு நாள் நிம்மதி தரும்; மறுநாள் காலையில் பால் வாங்கக் காசு தராது.

உங்கள் தம்பி சொன்னது சரி. 2018 தீர்ப்பு முப்படைச் சட்டங்களின்கீழ் எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கைகளைத் தடுக்காது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எல்லையில் நிற்பவன், தன் வீட்டுக்கு உடன் பணிபுரிபவனால் ஆபத்து வராது என்று நம்பினால்தான் படை நிற்கும் என்பது ராணுவத்தின் வாதம். அது ஒரு பணியின் ஒழுங்கு. ஊருக்கெல்லாம் அதை விரிக்க முடியாது.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன். காவல் நிலையத்தில் உங்களுக்குப் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். உறவு குற்றமில்லை என்பது சரி. ஆனால் நான்கு மாதமாகச் செலவுக்குப் பணம் தராததும், வீட்டைவிட்டுப் போகச் சொல்வதும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி வன்முறை. பொருளாதார வன்முறை, மனரீதியான வன்முறை என்று அந்தச் சட்டம் பெயரிட்டே சொல்கிறது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடமோ, நேராக நீதித்துறை நடுவரிடமோ 12-ஆம் பிரிவில் மனுக் கொடுங்கள். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து உங்களைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்ற முடியாது. 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எனவே எவ்வளவு கோபம் வந்தாலும் இப்போதைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். அடியோ உயிர்பயமோ இருந்தால் மட்டும் இது பொருந்தாது. அப்போது முதலில் வெளியே வந்துவிடுங்கள், 181-ஐ அழையுங்கள், வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவை நம் வக்கீல்களே அதிகம் கேட்பதில்லை. மன உளைச்சலுக்கும் மனத்துயருக்கும் இழப்பீடு தர உத்தரவிட அது நடுவருக்கு அதிகாரம் தருகிறது. "என் வலிக்கு யார் பதில் சொல்வது?" என்பதற்குச் சட்டத்தில் இருக்கும் மிக நேரான விடை அதுதான். மனுவில் அதைத் தவறாமல் கேட்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புத் தொகை கேட்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலும் மனுப் போடலாம். கணவன் வேறொரு பெண்ணை வைத்திருந்தால், அவனோடு சேர்ந்து வாழ மனைவி மறுப்பதற்கு அது நியாயமான காரணம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், தொகையை மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உத்தரவாகியிருக்கிறது. ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் நட்டம்.

உறவை மட்டும் வைத்து, வரதட்சணைக் கொடுமைக்குப் பழைய 498-ஏ பிரிவில் போடும் புகாரைப் போல ஒன்றைப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். திருமணத்துக்குப் புறம்பான உறவு மட்டுமே அந்தப் பிரிவின்படி கொடுமை ஆகிவிடாது என்று 2013-லும் 2016-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடி, மிரட்டல், உங்களைத் தற்கொலைக்குத் தள்ளும் அளவு துன்புறுத்தல் சேர்ந்திருந்தால் அது வேறு. நடக்காததைச் சேர்த்து எழுதினால், நடந்ததும் பொய்யாகிவிடும்.

மணமுறிவு வேண்டுமா என்பதை நான் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை என்பதைக் கவனித்தேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர் என்று வைத்துக்கொண்டால், 13-ஆம் பிரிவின்படி, திருமணத்துக்குப் பின் வேறொருவரோடு விரும்பி உடலுறவு கொண்டது ஒன்றே மணமுறிவுக்குப் போதும். 1976 திருத்தத்துக்குப் பிறகு ஒரு தடவை நிரூபித்தாலும் போதும். குற்ற வழக்கில் வேண்டியதுபோல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். அதே சமயம், நடந்ததை அறிந்தபின் மன்னித்து மறுபடி தாம்பத்தியம் நடத்தினால், 23-ஆம் பிரிவின்படி அந்தக் காரணம் கையைவிட்டுப் போய்விடும். மன்னிப்பது உங்கள் உரிமை. உறவினர் நெருக்கியதற்காக, ஆடி மாதம் முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று அரைமனதோடு மன்னித்துவிடாதீர்கள். மன்னிப்பதாக இருந்தால், அவர் அந்த உறவை விட்டுவிட்டார் என்பது உங்களுக்கே உறுதியாகத் தெரிந்த பிறகு மன்னியுங்கள்.

ஆதாரம் பற்றிச் சில வார்த்தை. அவர் உங்களிடம் ஒப்புக்கொண்டு அனுப்பிய செய்திகள், வங்கிக் கணக்கில் போன பணம், விடுதி ரசீது எதுவானாலும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். கணவன் மனைவிக்கு இடையே ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை மணமுறிவு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அவர் போனில் உளவு பார்க்கும் செயலியை ஏற்றாதீர்கள். இருவரும் இருக்கும் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதில் குற்றவாளியாகப் போவது நீங்கள்தான். அந்தப் பெண்ணின் வேலையிடத்துக்குப் போய்ச் சண்டை போடவும் வேண்டாம். மஸ்கட்டில் இருக்கும் அவர் கணவருக்குத் தகவல் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த இரவில் சில வீடுகளில் என்ன நடந்தது என்பதை நான் மருத்துவமனைப் பிணவறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

அவர் பழிக்குப் பழியாக, "பிள்ளைகள் என்னுடையவர்கள்தானா, டி.என்.ஏ. சோதனை வேண்டும்" என்று கிளம்பினால் பயப்பட வேண்டாம். மண உறவு நிலவிய காலத்தில் பிறந்த பிள்ளையை அப்படி எடுத்த எடுப்பில் சோதிக்க உத்தரவிடக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

வக்கீல் கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். போகும்போது கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் படம் ஒன்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, குடும்ப அட்டை, கணவரின் சம்பளச் சீட்டு கிடைத்தால் அதன் நகல், தாய்வீட்டில் போட்ட நகைகளின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நகை உங்களுடையது, லாக்கர் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்கும் இன்னொரு முறை போங்கள். இந்த முறை உறவைப் பற்றிப் பேசாமல், பணம் தராததையும் வீட்டைவிட்டுப் போகச் சொல்வதையும் எழுத்தில் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அதே மனுவைக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் தபால் ரசீதையும் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து வையுங்கள்.